சூடம் அணைக்க ஒரு கை

தம்பி,

இன்னைக்கு விடியும்போது குழாயில் தண்ணி வந்தது. வருகிற நாளில் முதலில் காற்றுதான் வரும். தின்றது சேராத ஆள் ஏப்பம் விடுகிற மாதிரி கொஞ்ச நேரம் சத்தம் போடும். அப்புறம் துருக் கலரில் ஒரு துப்பு. அதுக்குப் பிறகுதான் தண்ணி. குடத்தை வச்சுட்டுக் குனிஞ்சேன், பிளீச்சிங் பவுடர் வாசம் மூக்கில் ஏறியது. உடனே உங்க ஞாபகம். செத்துப் போனவங்களைப் பூ வாசத்தில் நினைக்கிறவங்க உண்டு, திருநீறு வாசத்தில் நினைக்கிறவங்க உண்டு. உங்களை நினைக்க எனக்கு ஆஸ்பத்திரிக் கக்கூஸ் வாசம் வாய்ச்சிருக்கு. கோவிச்சுக்கிடாதீங்க. இந்த வாசத்தை எங்க ஊருக்குக் கூட்டிக்கிட்டு வந்ததே நீங்கதான். குழாய் திறந்த அன்னைக்கு பொம்பளைங்க எல்லாரும் ஒரு மடக்கு குடிச்சுட்டுத் துப்பினோம். "அக்கா, இது மருந்து வாசம், போகப் போகப் பழகிடும்"னு சொன்னீங்க. பழகிருச்சு தம்பி. நீங்க சொன்னதில் பலிச்சது அது ஒண்ணுதான்.

நான் படிச்சது அஞ்சாப்பு. அதிலும் பாதி நாள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போயிருவேன். அதனால் எழுத்து முன்னப்பின்ன இருக்கும். நீங்க திருத்த வரமாட்டீங்க என்கிற தைரியத்தில் எழுதுதேன்.

உங்களை வேலைக்கு எடுத்த ஆட்களில் நானும் ஒருத்தி. அதை நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது. சுத்துப்பட்டு ஊர்களுக்கெல்லாம் நல்ல தண்ணி குடுக்க ஒரு திட்டம் வந்தது. எங்க ஊரு ஓடைக்கரையில் ஆழமாப் போர் போட்டு, அங்கன இருந்து உறிஞ்சி, குழாய் வழியா எல்லா ஊருக்கும் அனுப்பப் போறதாச் சொன்னாங்க. கரிசக்காடு முழுக்க உப்புத் தண்ணி. சோறு வடிச்சாலே பருக்கை மஞ்சளாப் போகும். எங்க ஓடைக்கரையில் மட்டும் ஒரு நல்லதண்ணிக் கிணறு. அந்தக் கிணறு ஒண்ணுக்காகத்தான் எங்க ஊருக்குப் பொண்ணு குடுத்தாங்க. நானே மாப்பிள்ளையைப் பார்த்தா வந்தேன்? அவரைப் பார்த்திருந்தா வந்திருக்கவே மாட்டேன். எங்க அய்யா கிணத்தை எட்டிப் பார்த்தார், ஒரு கை அள்ளிக் குடிச்சார், தட்டை மாத்திட்டார்.

அந்தக் கிணத்துப் பக்கத்தில் போர் போட்டா எங்க ஊரு சும்மா விடுமா? விடாதுன்னு கோயில்பட்டி ஆபீஸுக்கும் தெரிஞ்சிருந்தது. அதனால் ஊர்க்காரங்ககிட்டப் பேசி வழிக்குக் கொண்டுவர ஒரு ஆளைச் சம்பளத்துக்கு எடுக்கப் போனாங்க. மக்கள் தொடர்பு ஆலோசகர்னு வாய்க்குள் நுழையாத பேரு. மாமியாகிட்டப் பேச மருமக கூலிக்கு ஆள் பிடிச்ச மாதிரிதான் எனக்குத் தோணியது. ஆளை எடுக்கும்போது ஊர்ப் பொம்பளை ஒருத்தியும் கூட உக்காரணும்னு மேலிடத்தில் இருந்து உத்தரவாம். நான் மகளிர் குழுத் தலைவி. எங்க குழுவில் சத்தமாப் பேசத் தெரிஞ்சவ தலைவி. போனேன்.

கோயில்பட்டியில் ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். பெரிய அதிகாரி எனக்கு நாற்காலி போட்டு, ரெண்டு பிஸ்கட்டும் டீயும் குடுத்து, "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்மா, இருந்தா போதும்"னார். வந்தது மூணு பேர். முதல் ஆள் அந்த வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கிட்டு வந்து, எங்க யாரையும் பார்க்காம மேலே சுத்துற ஃபேனைப் பார்த்தே பேசினார். அடுத்தது ஒரு அம்மா. தெருவில் நாடகம் போடுவாங்களாம், பாட்டுக் கட்டுவாங்களாம். தண்ணியைச் சேமிக்கச் சொல்லி ஒரு பாட்டுப் பாடினாங்க. குரல் நல்லாத்தான் இருந்தது. குடிக்கவே இல்லாத ஊருக்கு வந்து சேமிக்கச் சொல்லிப் பாடினா, குடத்தைத் தூக்கி எறியுதவங்க உண்டுன்னு அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லல போல.

மூணாவது நீங்க. பஸ்ஸில் நின்னுக்கிட்டே வந்த மூஞ்சி. சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம், வாய்க்கால் கரையில் வீடுன்னு சொன்னீங்க. தண்ணியிலே பிறந்தவருக்குத் தண்ணியில்லாத சீமையில் என்ன வேலைன்னு அப்பவே மனசுக்குள் கேட்டேன்.

பெரிய அதிகாரி கேட்டார்: "ஊர்க்காரங்க எதிர்த்தா என்ன பண்ணுவீங்க?"

"ஏன் எதிர்க்கிறாங்கன்னு கேட்பேன் சார்."

"அடிக்க வந்தா?"

"சொல்ல வந்ததை முடிச்சுட்டு அடிங்கன்னு சொல்வேன் சார்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. டீ மூக்கில் ஏறிப் போச்சு. நீங்க வெளியில் போனதும் அதிகாரி என் பக்கம் திரும்பி, "என்னம்மா, யாரு தேவலை?"ன்னு ஒரு பேச்சுக்குக் கேட்டார். "கடைசி ஆளுதான் சார். வைதா தாங்குவாரு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. உங்களையே எடுத்தாங்க. என் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பான்னு நானும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ரொம்ப நாள் கழிச்சு ஆபீஸ் ஜீப் டிரைவர் அண்ணாச்சி சொல்லித்தான் தெரிஞ்சது. நான் படியிறங்கின பிறகு பெரிய அதிகாரி சொன்னாராம்: "அந்தம்மா சொன்னது சரி. ஊர்க்காரன் வைதாலும் தாங்குவான், நாம வைதாலும் தாங்குவான். இவனையே போட்ருவோம்." எங்க ஊரும் ஆபீஸும் ஒரு விஷயத்திலாவது ஒத்துப் போனதுன்னா அது நீங்கதான் தம்பி.

ஊருக்கு நீங்க வந்த முதல் நாள், கக்கத்தில் சுருட்டின படங்களோட பஸ்ஸை விட்டு எறங்கினீங்க. நான் கிணத்தில் தண்ணி சேந்திக்கிட்டு இருந்தேன். "அக்கா, கொஞ்சம் தண்ணி"ன்னு கையை ஏந்தினீங்க. வாளியைச் சரிச்சு ஊத்தினேன். குடிச்சுட்டு, ஈரக்கையால் மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, "எங்க ஊர் ஆத்துத் தண்ணியைவிட ருசியா இருக்கேக்கா"ன்னீங்க. பக்கத்தில் நின்ன கொழுந்தன் பொண்டாட்டி என் இடுப்பில் இடிச்சா. "மதினி, உங்க ஆளு நல்லாத்தான் ஐஸ் வைக்காரு. வாங்குற சம்பளத்துக்கு வேலையை ஆரம்பிச்சிட்டாரு"ன்னா. உங்க காது செவந்து போச்சு. பொய் சொல்லத் தெரியாத ஆளைத்தான் பொய் சொல்ல அனுப்பியிருக்காங்கன்னு எனக்கு அப்பவே பட்டது. ஆனா அது பொய்னு உங்களுக்கே அப்போ தெரியாது.

வேப்பமரத்தில் ஆணியடிச்சுப் படத்தைத் தொங்க விட்டீங்க. பூமியை நடுவாலே வெட்டி வச்ச மாதிரி படம். மேலே கரிசல், கீழே சுக்கான்கல்லு, அதுக்கும் கீழே பாறை, பாறைக்கு அந்தப் பக்கம் நீலக் கலரில் தண்ணி. கிணத்துத் தண்ணி பாறைக்கு மேலே. போர் உறிஞ்சப் போறது பாறைக்குக் கீழே. ரெண்டும் வேற வேற வீடு, நடுவில் சுவர் இருக்கு, ஒண்ணை எடுத்தா ஒண்ணு குறையாதுன்னு பொறுமையாச் சொன்னீங்க. ஆபீஸ் எஞ்சினியர் உங்களுக்குச் சொன்னது, நீங்க எங்களுக்குச் சொன்னது.

நாட்டாமை கடைசி வரைக்கும் கேட்டார். கோயில் சாவி அவர் மடியில் இருக்கும். அவர் சொன்னாத்தான் ஊர் தலையாட்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கிட்டுச் சொன்னார்: "படத்தில் இருக்கிற தண்ணி சரி. கிணத்தில் இருக்கிற தண்ணிக்கு யாரு பொறுப்பு?"

"திட்டம் பொறுப்புங்கய்யா."

"திட்டத்துக்குக் கை இருக்கா?"

நீங்க திரும்பிப் படத்தைப் பார்த்தீங்க.

"சூடம் அணைக்கக் கை வேணும்லா தம்பி. கருப்பசாமி முன்னால சூடம் ஏத்துவோம். எங்க கிணறு வத்தாதுன்னு அடிச்சு அணைக்க ஒரு கை வேணும். திட்டத்துக் கையா, எஞ்சினியர் கையா, அது எங்களுக்குக் கவலையில்ல."

எங்க ஊரில் அப்படித்தான். நிலத் தகராறு, ஆடு காணாமப் போன வழக்கு, புருசன் பொண்டாட்டி சந்தேகம் எல்லாம் கருப்பசாமி முன்னால சூடத்தில்தான் முடியும். காகிதத்தில் கையெழுத்துப் போட்டா அழிச்சிருவாங்க, மாத்திருவாங்க. உள்ளங்கையில் பட்ட சூட்டை மாத்த முடியாது. பொய்யாச் சத்தியம் பண்ணினவனைச் சாமி கேக்கும்பாங்க. எப்போ கேக்கும், எப்படிக் கேக்கும்னு யாருக்கும் தெரியாது. கேக்கும். அவ்வளவுதான்.

எஞ்சினியர் அன்னைக்கு வந்திருந்தார். வேலிக்கருவை நிழலில் ஜீப்பை நிப்பாட்டி அதுக்குள்ளேயே இருந்தார். நீங்க ஓடிப்போய்க் கேட்டீங்க. என்ன பேசினீங்கன்னு எங்களுக்குக் கேக்கலை; ஆனா ஜீப் டிரைவர் அண்ணாச்சிக்குக் கேட்டது. "சார், நீங்க வந்து பண்ணினா அவங்க நம்புவாங்க." "ஷூவைக் கழட்டி மாட்ட எனக்கு நேரமில்லய்யா. அவங்க நம்பிக்கை அது. ஒரு சூடம்தானே, அணைச்சுட்டு வாங்க, கிளம்பலாம்." "கிணறு நிஜமா வத்தாதுல்ல சார்?" "படத்தைப் பார்த்தீங்கள்ல?"

நீங்க வந்து செருப்பைக் கழட்டினீங்க. நாட்டாமை வெத்தலையில் சூடத்தை வச்சு ஏத்தினார். எங்க ஆட்கள் ஒரே அடியில் அமத்தி, சூடு தெரியுமுன்ன கையை எடுத்திருவாங்க. உங்களுக்கு அது தெரியாது. தோசைக்கல்லில் ரொட்டியை அமுக்குற மாதிரி கையை வச்சுக்கிட்டு, "இந்த ஊர்க் கிணறு வத்தாது, நான் பொறுப்பு"ன்னு முழுசாச் சொல்லி முடிச்சுட்டுத்தான் எடுத்தீங்க. கருகின வாடை எங்க வரைக்கும் வந்தது. ஊரே சிரிச்சது. நானும் சிரிச்சேன். "தம்பி, சத்தியம் வெந்திருச்சு, எறக்கிருங்க"ன்னு நான்தான் கத்தினேன். நீங்களும் கையை உதறிக்கிட்டே சிரிச்சீங்க. உள்ளங்கை பணியாரம் மாதிரிக் கொப்பளிச்சிருந்தது. அடுத்த வாரம் போர் வண்டி வந்தது.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லுதேன், தெரிஞ்ச கதையைத்தான் வாய் கேக்குது. முதல் கோடை ஒண்ணும் ஆகலை. நீங்க வந்து கிணத்தை எட்டிப் பார்த்துட்டு, பெத்த பிள்ளை பாஸான மாதிரிச் சிரிச்சுட்டுப் போனீங்க. அடுத்த கோடையில் வாளிக் கயிறு எட்டலை. கயித்தோட கயிறு முடிஞ்சோம். அதுக்கடுத்த கோடையில் வாளி போய்த் தரையில் டொங்குன்னு முட்டியது. சேறு வந்தது. அப்புறம் அந்தச் சேறும் காஞ்சு, தேங்காய்ச் சில்லு மாதிரி வெடிச்சுக் கிடந்தது. உங்க படத்தில் இருந்த அந்தச் சுவரு எங்க ஊருக்கு அடியில் மட்டும் கட்டாம விட்டுட்டாங்க போல.

குழாய் இருக்கேன்னு கேப்பீங்க. இருந்தது. எங்க காலடியில் எடுத்த தண்ணி, முதலில் தூரத்துத் தொட்டிக்கு ஏறி, அங்கன இருந்து ஊர் ஊராக் குடிச்சது போக, மிச்சம் எங்களுக்கு வந்தது. விருந்து வச்ச வீட்டுக்காரன் கடைசிப் பந்தியில் உக்காந்த மாதிரி. நம்ம வீட்டு ஆட்டை அறுத்து நமக்கே எலும்பு குடுத்தாங்க.

எங்க ஆட்கள் உங்களை அடிக்கலை. அடிச்சிருந்தா உங்களுக்கு நல்லாயிருந்திருக்கும். எங்க ஊரில் வந்த ஆளுக்கு முதலில் சொம்பில் தண்ணி குடுப்போம். பகையாளின்னாலும் குடிச்ச பிறகுதான் பேச்சு. அந்தக் கோடையில் நீங்க வந்தீங்க. நாட்டாமை வீட்டுக்காரி, "வாங்க தம்பி, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க"ன்னு சிரிச்ச மூஞ்சியோட பாயை விரிச்சு, பளபளன்னு தேய்ச்ச சொம்பை உங்க முன்னால வச்சா. நீங்க எடுத்தீங்க. சொம்பு காலி. நாங்க எல்லாரும் வாசலில் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தோம்.

நீங்க கீழே வச்சிருக்கலாம். எந்திரிச்சுப் போயிருக்கலாம். அண்ணாந்து, காலிச் சொம்பைத் தூக்கி, தொண்டை ஏறி எறங்கக் குடிச்சீங்க. வாயைத் துடைச்சுட்டு, சொம்பை மெதுவா வச்சுட்டு, "சொல்லுங்கம்மா, கிணறு எத்தனை நாளா வத்திக் கிடக்கு?"ன்னு கேட்டீங்க. சிரிக்க வந்த பொம்பளைங்க பாதிப் பேருக்குச் சிரிப்பு வரலை. எனக்கு வந்தது. "இன்னொரு சொம்பு வேணுமா தம்பி? சமையக்கட்டில் நிறைய இருக்கு"ன்னேன். "வயிறு நிறைஞ்சிருச்சுக்கா"ன்னீங்க. அதில் இருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் உங்களுக்குக் காலிச் சொம்புதான். எல்லா வீட்டிலும் குடிச்சீங்க.

ஒரு நாள் பஸ்ஸுக்கு நிக்கும்போது கேட்டேன், "ஆபீஸில் போய் ஒரு போரையாவது நிப்பாட்டச் சொல்ல வேண்டியதுதானே?"ன்னு. "சொன்னேங்க்கா"ன்னு சிரிச்சீங்க. பெரிய அதிகாரி சொன்னாராம்: "உங்களை எடுத்தது அவங்ககிட்ட எங்களைப் பத்திச் சொல்ல. எங்ககிட்ட அவங்களைப் பத்திச் சொல்ல இல்லை." அதைச் சொல்லும்போது அவர் குரலையே நடிச்சுக் காட்டினீங்க. நல்லாத்தான் நடிச்சீங்க.

"அப்ப எதுக்கு வாரம் தவறாம இங்கன வந்து சாகுதீங்க? எங்க ஊரு உங்களுக்குப் பொண்ணா குடுத்திருக்கு?"

"சொல்லிட்டேன்லாக்கா."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு மேலே எதையும் உங்க வாயில் இருந்து பிடுங்க முடியலை. தஞ்சாவூர்க்காரர் வாயில் எங்க ஊரு 'லா' வந்ததும் எனக்குக் கேலி தாங்கலை. "எங்க தண்ணியைக் குடிக்க முடியலைன்னு எங்க பேச்சைக் குடிச்சிட்டீங்களா?"ன்னேன். பஸ் வந்தது. ஏறிட்டீங்க.

உங்களுக்குக் காமாலை வந்ததா அடுத்தாப்புலதான் கேள்விப்பட்டோம். ஊர் ஊரா அலைஞ்சு கிடைச்ச தண்ணியைக் குடிச்ச வயிறு. நோய் வர்றதுக்குச் சாமி எதுக்கு? ஆனா டிரைவர் அண்ணாச்சி வாய் சும்மா இருக்குமா? உங்களைப் பார்க்கப் போன இடத்தில் உங்க அம்மா காதில் சூடத்துக் கதையைப் போட்டுட்டார். அந்தம்மா உங்களை ஒரு வாடகைக் காரில் படுக்க வச்சுத் தஞ்சாவூரில் இருந்து எங்க ஊருக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. சத்தியம் வாங்கினவங்க அதே சாமி முன்னால "விட்டாச்சு"ன்னு சொல்லிட்டாச் சத்தியம் எறங்கிரும். அதுக்குத்தான் வந்தாங்க. வேற ஒண்ணும் கேக்கலை.

கோயில் முன்னால அந்தம்மா நின்னாங்க. நீங்க கார்க் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு சீட்டில் சாஞ்சிருந்தீங்க. "படிச்ச பையன், வேலைக்காகச் சொல்லிட்டான். உங்க புள்ள மாதிரி நினைச்சு விட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா"ன்னு நாட்டாமை காலைத் தொடப் போனாங்க. அவர் காலை எடுத்துக்கிட்டார்.

"நாங்க விடுறதுக்கு என்னம்மா இருக்கு? கிணத்தில் தண்ணி ஏறட்டும். சத்தியம் தானா எறங்கிரும்."

அந்தம்மா பொம்பளைங்க பக்கம் திரும்பினாங்க. என்னைப் பார்த்துத்தான் கேட்டாங்க, "நீயாவது சொல்லேம்மா. தண்ணி எடுக்கிறது நீங்கதானே?" எடுக்கிறது நாங்கதான். ஆனா சத்தியம் வாங்குறது ஆம்பளைங்க. வாங்க உரிமை இல்லாதவளுக்கு விட மட்டும் எங்கன இருந்து உரிமை வரும்? அதைத்தான் சொன்னேன்.

"உங்க ஊருக்கு இரக்கமே கிடையாதா?"

"இருந்துச்சும்மா. அதையும் போர் போட்டு எடுத்துட்டாங்க."

கார்கிட்ட வந்தேன். உங்க கண்ணு, நகம், உள்ளங்கைத் தழும்பு எல்லாம் மஞ்சள். "என்ன தம்பி, மஞ்சள் பூசி அழைச்சுக்கிட்டு வந்திருக்காங்க? பொண்ணு வீட்டில் தாம்பூலம் மாத்தியாச்சா?"ன்னேன். உங்க அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கனயே எரிஞ்சிருக்கணும். நீங்க சிரிச்சீங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, இருமி இருமி, கண்ணில் தண்ணி வரச் சிரிச்சீங்க. "அம்மா, போகலாம்மா. அவங்க சொல்றது நியாயம்தான்"னு சொல்லிட்டு நீங்களே கதவைச் சாத்தினீங்க. கார் கிளம்பின பிறகும் உள்ளே உங்க தோள் குலுங்கினதைக் கண்ணாடி வழியாப் பார்த்தேன். சிரிப்புன்னுதான் வச்சிருக்கேன்.

நீங்க போன சேதியைப் பஸ் ஸ்டாண்டில் டிரைவர் அண்ணாச்சி சொன்னார். ஊருக்கு வந்து சொன்னேன். யாரும் உச்சுக் கொட்டலை. "சாமி கேட்டுருச்சு"ன்னாங்க. நாட்டாமை ரெண்டு கன்னத்திலும் போட்டுக்கிட்டார். மூஞ்சியில் பெருமை தாங்கலை. சேதி பரவி, புதூர்ப் பக்கம் இருந்தெல்லாம் ஆட்கள் வண்டி கட்டிக்கிட்டு எங்க கருப்பசாமிகிட்டச் சத்தியம் பண்ண வாராங்க. ஆபீஸ்காரனையே கேட்ட சாமியாம். கோயிலுக்குத் தகரம் போட்டு, பெயிண்ட் அடிச்சு, குழல்விளக்கு மாட்டியாச்சு. உங்க உயிரில் எங்க சாமிக்கு மவுசு கூடிப் போச்சு தம்பி. அந்த ஷூ போட்ட எஞ்சினியரை மட்டும் சாமி கேக்கலை. அவருக்கு ப்ரமோஷன் வந்து, பேத்திக்குக் காதுகுத்தும் முடிஞ்சிருச்சு. சாமிக்கும் செருப்பைக் கழட்டின ஆளைத்தான் அடையாளம் தெரியும் போல.

நான் இதையெல்லாம் ஏன் இன்னைக்கு உக்காந்து எழுதுதேன்னு கேப்பீங்க. போன வாரம் என்னைத் திரும்பவும் கோயில்பட்டிக்குக் கூப்பிட்டாங்க. தண்ணி பத்தலையாம். ஓடையின் அடுத்த கரையில் இன்னும் ஆழமாப் போர் போடப் போறாங்களாம். ஊர்க்காரங்ககிட்டப் பேச ஆள் எடுக்கணுமாம். இப்போ பெரிய அதிகாரி வேற ஆள். ஜவுளிக்கடை மாடி அதேதான். சுவரில் கண்ணாடி போட்ட ஒரு படம் மாட்டியிருந்தது. எப்போ யாரு எடுத்தாங்களோ, சூடத்தில் நீங்க கை வச்சிருக்கிற படம். பின்னால நட்டு வச்ச திட்டத்துப் போர்டு முழுசாத் தெரியணும்னு உங்க தலையைப் பாதி வெட்டிட்டாங்க. அடியில் மக்கள் பங்கேற்புன்னு எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிச்சேன்.

இந்தத் தடவை நான் பிஸ்கட்டோட நிக்கலை. வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரே கேள்வி கேட்டேன். "எங்க ஊரில் கிணறு வத்தாதுன்னு சத்தியம் கேப்பாங்க. பண்ணுவீங்களா?"

முதல் பையன், "நம்பிக்கை வர வைக்கிறதுதானே மேடம் வேலை? பண்ணுவேன்"னான். ரெண்டாவது பையன் சுவரைக் காட்டி, "அந்தப் படத்தில் இருக்கிற சார் மாதிரி நானும் தைரியமாப் பண்ணுவேன்"னான். கல்யாணத்துக்குச் சட்டை எடுக்கிற வயசு. மூஞ்சியில் பால் வடியுது. பெரிய அதிகாரி அவனைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கிட்டார். மூணாவது ஒரு பொண்ணு, எட்டயபுரத்துக்காரி. "நான் எதுக்குப் பண்ணணும்? எந்தப் போரை எப்போ நிப்பாட்டணும்னு முடிவு பண்ணுறவர் யாரோ அவரைக் கூட்டிக்கிட்டு வாரேன். அவரு பண்ணட்டும்"னா. பெரிய அதிகாரி பேனாவை மூடி வச்சிட்டார்.

"இவளைத்தான் எடுக்கணும் சார்"னு நான் எந்திரிச்சு நின்னே சொன்னேன்.

"நல்ல பொண்ணுதாம்மா. பேச்சுத்தான் கொஞ்சம் ஜாஸ்தி"ன்னார். ரெண்டாவது பையனை எடுத்துட்டாங்க.

வியாழக்கிழமை அவன் ஊருக்கு வாரான். நாட்டாமை வீட்டில் வெத்தலை, சூடம் எல்லாம் வாங்கி வச்சாச்சு. பஸ் நிக்கிற இடத்தில் முத ஆளா நான் நிப்பேன். எறங்கினதும் அவனை வேலிக்கருவை நிழலில் உக்கார வச்சு உங்க கதையை முழுசாச் சொல்லுவேன். சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்லுவேன், எனக்கு வேற மாதிரி வராது. கேட்டுட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பிட்டான்னா அவங்க அம்மா புண்ணியம் பண்ணினவ. இல்ல, அதெல்லாம் பரவாயில்லக்கான்னு செருப்பைக் கழட்டிட்டு நடந்தான்னா, பின்னாலேயே போவேன். பொம்பளைங்க ஏறக்கூடாத கோயில் படியில் ஏறி, சூடத்துக்கு மேலே அவன் நீட்டுற கையை எட்டிப் பிடிச்சிருவேன். ஊர் நடுவில் அயல் ஆம்பளை கையைப் பிடிச்சவள்னு பேசுவாங்க. என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் சோறு திங்க மாட்டார். சாமி குத்தம்பாங்க.

ஆகட்டும் தம்பி. உங்களைக் கேட்ட சாமி என்னையும் கேக்கட்டும். உங்களை மாதிரிச் சிரிச்சுட்டுக் கதவைச் சாத்திக்கிட மாட்டேன். நானும் அதுகிட்டக் கேக்க வேண்டியது நிறைய இருக்கு.